பனமலைப் படியும் மெரினா பாதையும்



பனமலைக் கல்வெட்டைப் பற்றி எழுதச் சொல்லிப் பல பேர் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். அது வரும். இந்த வாரம் மனசில் வேறு ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. அதை இறக்கி வைத்துவிட்டுத்தான் கல்வெட்டுக்குப் போக முடியும். பதிவு கொஞ்சம் நீளம். வேலை முடிந்து, சாப்பிட்டுவிட்டு, நிதானமாகப் படியுங்கள்.

இரண்டு வாரத்துக்கு முன் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஊர் பெயர் வேண்டாம். இந்தக் குறை ஒரு ஊருக்கு மட்டும் சொந்தமானதில்லை. சாயங்காலம் பேரனைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு பக்கத்துப் பூங்காவுக்கு நடந்தோம். வாசலில் கேட் பூட்டியிருந்தது. பக்கத்தில் இரும்புக் குழாயை வளைத்து ஒரு ஆள் மட்டும் உடம்பைத் திருப்பி நுழையும்படி வழி வைத்திருந்தார்கள். மாடும் பைக்கும் உள்ளே வரக்கூடாது என்பதற்காக. அதைத் தாண்டினால் மூன்று படி. மகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். நான் வண்டியை மடக்கித் தலைக்கு மேல் தூக்கினேன். முட்டியில் அறுவை செய்து இரண்டு வருஷம்தான் ஆகிறது என்பது உங்களில் பலருக்குத் தெரியும். மூன்று படியில் இரண்டு முறை நின்றேன்.

அப்போதுதான் வெளியே அவரைப் பார்த்தேன். நாற்பது வயதிருக்கும். மூன்று சக்கர ஸ்கூட்டரில் உட்கார்ந்து, வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். வண்டியில் ஊன்றுகோல் இரண்டு செருகியிருந்தது. "உள்ளே வரலையா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் சிரித்துக்கொண்டே, "புள்ளைங்க உள்ளார வெளையாடுதுங்க சார். நான் இங்கியே வண்டியப் பாத்துக்கறேன்" என்றார்.

"இங்கியே பாத்துக்கறேன்." அந்தச் சொல்லை நான் முன்பே ஒரு தடவை கேட்டிருக்கிறேன். 1986-இல், பனமலை அடிவாரத்தில்.

அந்த வருஷம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வரலாற்றுச் சுற்றுலா என்று பனமலைக்கு அழைத்துப் போனேன். உங்களில் சிலர் அந்தக் கூட்டத்தில் இருந்தீர்கள். வெளியூரில் பிறந்த பேரப்பிள்ளைகளுக்காக இரண்டு வரி சொல்கிறேன். பனமலை என்பது விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட சிற்றூர். பெரிய ஏரி, அதை ஒட்டி ஒரு குன்று, குன்றின் மேல் தாளகிரீசுவரர் கோயில். ராஜசிம்மன் என்ற இரண்டாம் நரசிம்மவர்மப் பல்லவன், கிட்டத்தட்ட 1,300 ஆண்டுகளுக்கு முன் கட்டியது. காஞ்சி கைலாசநாதர் கோயிலைக் கட்டியவனும் அவனே. கோயிலின் ஒரு துணைக் கருவறைச் சுவரில் உமையம்மையின் வண்ண ஓவியம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. தலைக்கு மேலே குடை, ஒரு கால் மடக்கிய நிலை, சாய்ந்த முகம். ஒரு முறை பார்த்தவர்கள் மறப்பதில்லை.

அந்த வகுப்பில் போலியோ வந்த பையன் ஒருவன் இருந்தான். இரண்டு காலிலும் காலிப்பர், கக்கத்தில் ஊன்றுகோல். வரலாற்றுப் பாடத்தில் எப்போதும் முதல் மூன்று பேரில் ஒருவன். பெயர் சொல்லவில்லை. அவர் இந்தப் பதிவைப் படிப்பார். பஸ் இறங்கியதிலிருந்து அடிவாரம் வரை எங்களோடு நடந்தே வந்தான். படியைப் பார்த்ததும் நின்றான். நான் எதுவும் சொல்வதற்கு முன்னால் அவனே சொன்னான்: "சார், நான் இங்கியே பையெல்லாம் பாத்துக்கறேன்."

நாற்பது பிள்ளைகளின் சாப்பாட்டுப் பையையும் அவனைச் சுற்றி வைத்துவிட்டு நாங்கள் ஏறிவிட்டோம். மேலே ஒன்றரை மணி நேரம் பாடம் நடத்தினேன். நல்ல பாடம் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். இறங்கி வந்ததும் அவன் கேட்டான்: "அந்த அம்மா எப்படி சார் இருக்காங்க?" மறுநாள் கரும்பலகையில் எனக்குத் தெரிந்த அளவுக்கு வரைந்து காட்டினேன். பெரிய உதவி செய்துவிட்டதாக எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

அவனை வரவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவனேதான் நின்றான். பல வருஷம் இப்படித்தான் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் எங்கே போகிறோம் என்று முடிவு செய்தது யார்? நான். அவனும் சேர்ந்து பார்க்கும்படி அன்றைய நாளை வேறு மாதிரி அமைத்திருக்க முடியுமா? முடியும். ஏரிக்கரையில் பாதி நாள் பாடம் நடத்தியிருக்கலாம். ஓவியத்தின் படம் ஒன்றைத் தேடி முன்கூட்டியே எடுத்துப் போயிருக்கலாம். எனக்குத் தோன்றவே இல்லை. அவனுக்கு முன்பே தெரிந்திருந்தது, எனக்குத் தோன்றாது என்று. அதனால்தான் நான் சங்கடப்படாமல் இருக்க அவனே முந்திக்கொண்டான்.

இதில் வரலாறு எங்கே என்று கேட்பீர்கள். இங்கேதான் இருக்கிறது.

பனமலைக் குன்றை ராஜசிம்மன் உண்டாக்கவில்லை. அங்கே படி இருப்பதற்கு மலை ஒரு காரணம். ஆனால் மகள் ஊர்ப் பூங்கா சமதரையில் இருக்கிறது. அங்கே மூன்று படி எதற்கு? யாரோ ஒருவர் காகிதத்தில் கோடு போட்டார், கொத்தனார் கட்டினார். அந்தப் படி மலையைப் போலத் தானாக முளைத்ததில்லை. அது ஒரு முடிவு. மனிதர் எடுத்த முடிவு என்றால் அதற்கு ஒரு தேதி உண்டு, காரணம் உண்டு, மாற்றவும் வழி உண்டு. இதைத்தானே வரலாற்று வகுப்பில் உங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னேன்?

பூங்கா என்பதே எல்லோருக்கும் என்று பிறந்த ஒன்று. அதற்கு முன் தோட்டம் அரசருக்கும் ஜமீனுக்கும் கவர்னருக்கும் இருந்தது. ஊர் மக்களின் பொதுப் பணத்தில், ஊர் மக்களுக்காகவே பூங்கா என்ற எண்ணம் 19-ஆம் நூற்றாண்டில்தான் வலுப்பட்டது. இங்கிலாந்தில் லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் உள்ள பிர்க்கன்ஹெட் பூங்கா 1847-இல் திறக்கப்பட்டது. ஆலைப் புகையில் வாழ்ந்த தொழிலாளிக்கும் நல்ல காற்று வேண்டும் என்பது அதன் பின்னால் இருந்த வாதம். அடுத்த பன்னிரண்டாம் ஆண்டில் அந்த எண்ணம் நம் ஊருக்கும் வந்தது. 1859-இல் சென்னை கவர்னராக இருந்த சார்லஸ் ட்ரெவெலியன், இன்றைய சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு பெரிய பூங்காவுக்கு அடிபோட்டார். அதன் பெயரே பீப்பிள்ஸ் பார்க், மக்கள் பூங்கா. பிற்காலத்தில் அந்த நிலம் கட்டடம் கட்டடமாகக் கரைந்துபோனது. 1884-இல் கவர்னர் கிராண்ட் டஃப் கடற்கரையை ஒட்டி நடைபாதை போட்டு, மெரினா என்று பெயர் வைத்தார்.

பெயரில் மக்கள் வந்துவிட்டார்கள். ஆனால் எந்த மக்கள்? இரண்டு காலும் நன்றாக உள்ள, கண் தெரிந்த, முதுமை இன்னும் வராத, கையில் குழந்தை இல்லாத ஒரு ஆளை மனசில் வைத்துத்தான் உலகம் முழுக்கப் பூங்காக்கள் கட்டப்பட்டன. கட்டியவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களுக்கும் தோன்றவில்லை. என்னைப் போல.

அது தோன்றுவதற்கு ஒரு நூறு ஆண்டு ஆனது. தோன்ற வைத்தவர்களில் முக்கியமானவர்கள் போலியோ வந்தவர்களே என்பதை நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டபோது, அடிவாரத்தில் விட்டு வந்த பையன்தான் ஞாபகத்துக்கு வந்தான்.

இங்கிலாந்தில் செல்வின் கோல்ட்ஸ்மித் என்ற கட்டடக் கலைஞர். வாலிப வயதில் போலியோ வந்தவர். கட்டடத்தையும் தெருவையும் எப்படி அமைத்தால் உடல் குறைபாடு உள்ளவர்கள் புழங்க முடியும் என்று 1963-இல் ஒரு பெரிய கையேடு எழுதினார். நார்விச் என்ற ஊரில் சக்கர நாற்காலிக்காரர்களை நேரில் கண்டு கேட்டு, நடைபாதை ஓரத்தின் உயரத்தைத் தெரு முனைகளில் சரித்துவிட யோசனை சொன்னார். செய்தும் பார்த்தார்கள். அமெரிக்காவில் பெர்க்லி நகரில் 1970-களின் தொடக்கத்தில் மாற்றுத்திறனாளி மாணவர்களே முன்னின்று அதே மாற்றத்தைக் கேட்டு வாங்கினார்கள். அதன் பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. அந்தச் சரிவில் சக்கர நாற்காலி போனது. அதன் பின்னாலேயே குழந்தை வண்டி போனது, பெட்டி இழுப்பவர் போனார், சாமான் வண்டிக்காரர் போனார், கைத்தடிக் கிழவர் போனார். ஒருவருக்காகச் செய்தது ஊருக்கே உதவியது.

ஜப்பானில் செய்இச்சி மியாகே என்பவர் 1965-இல் பார்வையற்றவர்களுக்காக மேடுபள்ளம் வைத்த தரை ஓட்டைக் கண்டுபிடித்தார். 1967-இல் ஒகயாமா நகரில், பார்வையற்றோர் பள்ளிக்குப் பக்கத்துத் தெருவில் முதன்முதலாகப் பதித்தார்கள். இன்று நம் ரயில் நிலைய நடைமேடைகளில் மஞ்சள் நிறத்தில் கோடும் புள்ளியுமாக இருக்கிறதே, அதுதான். பல பேர் அதை அலங்காரம் என்றே நினைக்கிறார்கள். அதன் மேல் பெட்டியை வைக்காதீர்கள்.

அமெரிக்காவின் வட கரோலினாவில் ரான் மேஸ். ஒன்பது வயதில் போலியோ. கட்டடக் கலை படிக்கக் கல்லூரிக்குப் போனால், வகுப்புக்கு மாடிப்படி. அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டுதான் ஏற்றி இறக்கினார்கள். அவர் பட்டம் வாங்கிக் கட்டடக் கலைஞராகி, 1985 வாக்கில் ஒரு புதுச் சொல்லைக் கொடுத்தார். தமிழில் எல்லோருக்குமான வடிவமைப்பு என்று சொல்லலாம். 1997-இல் அவரும் நண்பர்களும் சேர்ந்து அதை ஏழு விதிகளாக எழுதினார்கள். ஏழையும் ஒப்பிக்கச் சொல்லமாட்டேன், பயப்படாதீர்கள். சாரம் இதுதான். உடல் குறைபாடு உள்ளவருக்கு என்று பின்பக்கம் ஒரு தனி வாசல் வைக்காதே. முன்வாசலையே எல்லோரும் வரும்படி கட்டு. பார்த்ததும் புரியவேண்டும், கொஞ்சம் தவறினாலும் அடிபடக் கூடாது, அதிக பலம் கேட்கக் கூடாது, போதிய இடம் இருக்கவேண்டும்.

தனி வாசலுக்கும் பொது வாசலுக்கும் என்ன பெரிய வித்தியாசம், எப்படியோ உள்ளே வந்தால் போதாதா என்று நான் நினைத்த காலம் உண்டு. நம் ஊர்க்காரர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. தனிக் குவளையும் தனித் தெருவும் என்ன செய்யும் என்று நம் தாத்தாக்களுக்குத் தெரியும். தண்ணீர் கிடைத்தது, ஆனால் கூடவே ஒரு செய்தியும் கிடைத்தது.

இனி நம் நாட்டுக் கதைக்கு வருகிறேன். 1981-ஐ ஐ.நா. சபை உடல் ஊனமுற்றோர் ஆண்டு என்று அறிவித்தது. அன்றைய சொல் அதுதான். மாற்றுத்திறனாளி என்ற சொல் பிற்பாடு வந்தது. அதே 1981-இல், தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். கடற்படை அதிகாரித் தேர்வில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர் அவர். நாட்டில் சட்டம் வர இன்னும் 14 ஆண்டு ஆனது. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் சாலையிலும் கட்டடத்திலும் சாய்தளம் வைக்கச் சொன்னது. ஆனால் அதிலேயே ஒரு வாசகம் ஒட்டிக்கொண்டு வந்தது. பொருளாதார வசதிக்கு உட்பட்டு என்று. அந்த வாசகம் போதும். எந்த அலுவலகத்தில் கேட்டாலும் நிதி இல்லை என்று சொல்லிவிடலாம்.

2001 ஜனவரியில் விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங் இந்தியா வந்தார். டெல்லியில் குதுப் மினாரும் ஜந்தர் மந்தரும் பார்க்க ஆசைப்பட்டார். அவர் சக்கர நாற்காலியில் இருப்பவர். ஜாவேத் அபிதி போன்ற மாற்றுத்திறனாளி உரிமைத் தலைவர்கள் அழுத்தம் கொடுத்தார்கள். மரத்தில் சாய்தளம் போட்டார்கள். அவர் பார்த்தார். பல நூறு ஆண்டுப் பழைய சின்னத்தைக் கெடுக்காமலேயே வழி செய்ய முடியும் என்பது அன்று தெரிந்தது. ஹாக்கிங் வந்தால் முடிகிறது. எட்டாம் வகுப்புப் பையன் வந்தால் முடியவில்லை. வித்தியாசம் மரத்திலோ ஆணியிலோ இல்லை, யார் வருகிறார் என்பதில்தான் இருந்தது.

2006-இல் ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை வந்தது. 2007-இல் இந்தியா அதை ஏற்றது. அதை ஒட்டி 2016-இல் புதுச் சட்டம். பழைய சட்டத்தில் 7 வகைக் குறைபாடு, புதியதில் 21. எல்லோருக்குமான வடிவமைப்பு என்ற சொல்லே சட்டத்துக்குள் வந்துவிட்டது. பொதுக் கட்டடம் என்றால் என்ன என்று சொல்லும் இடத்தில், பொழுதுபோக்குக்கும் ஓய்வுக்கும் மக்கள் புழங்கும் கட்டடங்களையும் சேர்த்தார்கள். பழைய பொதுக் கட்டடங்களைத் திருத்த, விதிகள் வந்ததிலிருந்து 5 ஆண்டு கெடு. விதிகள் வந்தது 2017 ஜூனில். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. பார்வைக் குறைபாடு உள்ள ராஜீவ் ரதூரி 2005-இல் போட்ட வழக்கு. அணுகல் விதிகள் வெறும் வழிகாட்டியாக, செய்தால் செய்யலாம் என்ற தொனியில் இருப்பது சட்டத்துக்கே முரண் என்றும், கட்டாயமான விதிகளை வகுக்க வேண்டும் என்றும் சொன்னது. மனுப் போட்டதற்கும் இந்தத் தீர்ப்புக்கும் நடுவில் 19 ஆண்டு. அன்று பிறந்த குழந்தை கல்லூரிக்குப் போயிருக்கும்.

சட்டம் நடந்த வேகம் இது. மக்கள் அதற்காகக் காத்திருக்கவில்லை. பெங்களூரில் மாற்றுத்திறன் குழந்தைகளின் பெற்றோர் சேர்ந்து கிலிகிலி என்ற அமைப்பைத் தொடங்கி, மாநகராட்சியோடு பேசி, கோல்ஸ் பூங்காவில் எல்லாக் குழந்தைகளும் சேர்ந்து விளையாடும் இடத்தை உண்டாக்கினார்கள். சென்னையில் சாந்தோமிலும் மாநகராட்சி அப்படி ஒரு பூங்காவை அமைத்தது. இதெல்லாம் எதற்கு, குழந்தைகளுக்கு மருத்துவம்தானே முக்கியம் என்பார்கள். விளையாட்டுத் தோழன் இல்லாத குழந்தைக்கு எந்த மருத்துவமும் பாதிதான். நாற்பது வருஷம் வகுப்பறையில் நின்றவன் சொல்கிறேன்.

இப்போது மெரினா. 1884-இல் நடைபாதை வந்தது என்றேன். அந்த நடைபாதை வரைக்கும் யாரும் வரலாம். அங்கிருந்து அலை வரைக்கும் மணல். நம் நாட்டிலேயே மிக அகலமான மணல் வெளிகளில் ஒன்று. சக்கர நாற்காலி பத்தடி போவதற்குள் புதைந்துவிடும். ஊன்றுகோலும் புதையும். சென்னையில் பிறந்து வளர்ந்து, தினமும் கடற்கரைச் சாலையில் போய்வந்து, அலையைப் பக்கத்தில் பார்க்காதவர்கள் இருந்தார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைக் கூட்டமைப்பினர் விடாமல் கேட்டார்கள். முதலில் சில ஆண்டுகள், டிசம்பர் 3 உலக மாற்றுத்திறனாளிகள் நாளை ஒட்டித் தற்காலிகப் பாதை போட்டார்கள். சில நாள் இருக்கும், பிறகு எடுத்துவிடுவார்கள். வருஷத்துக்கு ஒரு வாரம் கடல் பார்க்கலாம் என்பது போல.

2022 நவம்பர் 27 அன்று நிரந்தரப் பாதை திறக்கப்பட்டது. 263 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், மரப்பலகையால் ஆனது. கருவேல மரமும் வெளிநாட்டு மரமும் சேர்த்துப் போட்டார்கள். செலவு ஏறக்குறைய 1 கோடியே 14 லட்சம் ரூபாய். நடைபாதைக்கும் அலைக்கும் நடுவில் இருந்த அந்தத் தூரத்தைக் கடக்க 1884-இலிருந்து 138 ஆண்டு ஆனது.

திறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கம் கரையைக் கடந்தது. பாதையின் கடல் பக்கத்துப் பகுதி பெயர்ந்து போனது. சிரித்தவர்கள் நிறைய. மக்கள் பணத்தைக் கடலில் போட்டார்கள் என்றார்கள். கட்டிய முறையில் கேள்வி கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். கடல் ஓரத்தில் எவ்வளவு தூரம் கொண்டுபோவது, எந்த மரம், எப்படிப் பிணைப்பது, இதெல்லாம் நியாயமான கேள்விகள். ஆனால் புயலில் சாலை அரித்துப் போனால் சாலையே வேண்டாம் என்று யாராவது சொல்கிறோமா? சரி செய்கிறோம். இந்தப் பாதையையும் சரிசெய்து திரும்பத் திறந்தார்கள். பிறகு பெசன்ட் நகரிலும் அதுபோல ஒரு பாதை வந்தது.

இன்னொரு கேள்வியும் எப்போதும் வரும். "எத்தனை பேர் சார் வரப்போறாங்க?" இதற்கு என்னிடம் ஒரு பள்ளிக்கூடத்துப் பதில் உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒன்பதாம் வகுப்பில் பெண் பிள்ளைகள் ஐந்து பேர்தான். பெண்களுக்குத் தனிக் கழிப்பறை கேட்டபோது, "அஞ்சு பொண்ணுக்கு எதுக்கு சார்?" என்றார்கள். ஒருவழியாகக் கட்டினோம். அடுத்தடுத்த வருஷம் பெண் பிள்ளைகள் கூடிக்கொண்டே போனார்கள். வராததால் கட்டவில்லை என்றோம். கட்டாததால்தான் வரவில்லை. எண்ணிக்கை வேண்டும் என்றால், 2011 மக்கள்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டில் பதிவான மாற்றுத்திறனாளிகள் மட்டும் ஏறக்குறைய 11 லட்சத்து 80 ஆயிரம் பேர். அதே கணக்கில் பத்துப் பேரில் ஒருவருக்கு மேல் 60 வயதைத் தாண்டியவர். இன்று அது இன்னும் கூடியிருக்கும். அதில் நானும் ஒருவன். உங்களில் மூத்த செட்டுக்காரர்களும் வந்து சேர்ந்துகொண்டே இருக்கிறீர்கள்.

இனி ஒரு சின்னக் கணக்கு. சாய்தளத்துக்கு விதி 1-க்கு 12. ஒரு அடி உயரம் ஏற 12 அடி நீளம். அதைவிடச் செங்குத்தாக இருந்தால் தன் கையால் தள்ளிக்கொண்டு ஏற முடியாது, இறங்கும்போது உருண்டுவிடும். மகள் ஊர்ப் பூங்காவில் மூன்று படி. ஒரு படி அரை அடி, ஆக ஒன்றரை அடி. 18 அடி நீளத்தில் ஒரு சாய்தளம் போதும். இரண்டு பக்கமும் கைப்பிடி. வாசலில் குறைந்தது 90 சென்டிமீட்டர் தடையில்லாத வழி. மாடு வராமல் இருக்கத் தாழ்ப்பாள் வைத்த அகலமான கேட் போதும். மனிதரை ஒடுக்க வேண்டியதில்லை. பேவர் பிளாக் பெயர்ந்து மேடுபள்ளம் இல்லாத பாதை. முதுகு சாயவும், எழும்போது கை ஊன்றவும் வசதியுள்ள பெஞ்சு. கை ஊன்ற இடமில்லாத பெஞ்சில் உட்கார்ந்தால் என்னை எழுப்ப ஆள் வேண்டும். உட்கார்ந்தபடி எட்டும் உயரத்தில் குடிதண்ணீர்க் குழாய். சக்கர நாற்காலி திரும்பும் அளவுக்குக் கழிப்பறை, அதுவும் பூட்டாமல். இவ்வளவுதான். இதில் ராக்கெட் விஞ்ஞானம் எதுவும் இல்லை. முதலில் காகிதத்தில் கோடு போடும்போதே நினைத்துவிட்டால் கூடுதல் செலவு சொற்பம். கட்டி முடித்துவிட்டு இடித்துத் திருத்தினால்தான் செலவு.

பனமலையை என்ன செய்வது என்பீர்கள். குன்றை வெட்டச் சொல்லவில்லை. அந்த உமையின் தெளிவான பெரிய படமும், பார்வையற்றவர்கள் தொட்டுப் பார்க்கக் கோயிலின் சின்ன மாதிரியும், நிழலில் நாலு பெஞ்சும் அடிவாரத்தில் இருந்தால், பை பார்த்துக்கொள்பவர்கூடக் கோயிலைப் பார்த்தவராக வீட்டுக்குப் போவார்.

போன வாரம் அந்த மாணவருக்குப் போன் செய்தேன். இப்போது வங்கியில் அதிகாரி. ஓய்வு பெறும் வயதை நெருங்கிவிட்டார். 1986-ஐ நினைவுபடுத்தி, "தப்புப் பண்ணிட்டேன்பா" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நீங்க மறுநாள் போர்டுல வரைஞ்சீங்களே சார், அது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு" என்றார். என்னைத் தேற்றுகிறார் என்று புரிந்தது. அன்றைக்கும் அதைத்தான் செய்தார்.

"நாங்க உன்னைத் தோள்ல தூக்கிட்டுப் போயிருக்கணும் இல்லையா?" என்று கேட்டேன்.

"வேணாம் சார். காலேஜ்ல பசங்க அப்படித் தூக்கிட்டுப் போயிருக்காங்க. நல்ல பசங்கதான். ஆனா தூக்கினவங்க களைச்சுப் போயிடுவாங்கன்னு நான் சீக்கிரமே போதும்னு சொல்லிடுவேன். எதையும் முழுசா பார்த்ததில்ல."

அப்புறம் மெரினா பாதையைப் பற்றிச் சொன்னார். போன வருஷம் வேலையாகச் சென்னை போனவர், சாயங்காலம் தனியாகவே போயிருக்கிறார். இப்போது சக்கர நாற்காலி. "கடைசி வரைக்கும் போனேன் சார். யாரையும் கூப்பிடல. அலையப் பார்த்துட்டு எவ்ளோ நேரம் வேணுமோ அவ்ளோ நேரம் இருந்தேன். எப்பக் கெளம்பணும்னு நானே முடிவு பண்ணேன்."

வயசு எழுபதைத் தாண்டிய பிறகு ஒரு மாணவரிடம் பாடம் கேட்டுக்கொண்டேன்.

மகள் ஊர் வாசலைப் பற்றி அங்குள்ள அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறேன். அளவோடு படமும் வரைந்து வைத்திருக்கிறேன். ரசீது வாங்கிவிட்டேன். பதில் வந்தால் இங்கே எழுதுகிறேன். வராவிட்டாலும் எழுதுகிறேன்.

உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். ரொம்ப நாள் கழித்துத் தருகிறேன், மறுக்காதீர்கள். உங்களில் பொறியாளர்கள் இருக்கிறீர்கள், காண்ட்ராக்டர்கள் இருக்கிறீர்கள், கவுன்சிலர்கூட இரண்டு பேர் இருக்கிறீர்கள். அடுத்த ஞாயிறு உங்கள் ஊர்ப் பூங்காவுக்கு ஒரு அளவு டேப்போடு போங்கள். வாசல் எத்தனை சென்டிமீட்டர், படி எத்தனை, சாய்தளம் இருந்தால் நீளம் எவ்வளவு, உயரம் எவ்வளவு என்று அளந்து எழுதுங்கள். வீட்டில் அம்மாவோ அப்பாவோ மாமியாரோ முட்டி வலியோடு இருந்தால் அவர்களையும் கூட்டிப் போங்கள். எங்கே தயங்கி நிற்கிறார்கள் என்று பாருங்கள். அந்த இடத்தைத்தான் முதலில் எழுத வேண்டும். பூங்கா வெளியே யாராவது வண்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், என்னைப் போல "ஏன் வரலை" என்று கேட்காதீர்கள். எது இருந்தால் வரமுடியும் என்று கேளுங்கள்.

அளவுகளை எனக்கு அனுப்புங்கள். எல்லாவற்றையும் ஊர்வாரியாகத் தொகுத்து வைக்கிறேன். அடுத்த பதிவு கல்வெட்டு.

அன்புடன்,
உங்கள் வரலாற்று சார்